முதல் ஒரு மணி நேரம்

செருப்பு வார் காலில் பதித்த கோடு மாலைவரை மறையவில்லை. அதுதான் தொடக்கம். சாப்ட்வேர் வேலையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வீடு இருந்த ஈஜிபுராவிலிருந்து ஆபீஸுக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போவதால் வீக்கம் என்று நானே முடிவு கட்டினேன். முகம் உப்பியபோது, "இப்பத்தான் சோறு ஒட்டுது" என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) எகிறியிருந்தது. இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரம் இருமுறை டயாலிசிஸ் (இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்திகரிப்பது). இடது கையில் ஃபிஸ்டுலா (ஊசி போட வசதியாகத் தமனியையும் சிரையையும் இணைப்பது).

எனக்குத் திட்டம் இருந்தால் போதும், பறப்பேன். அண்ணனின் சிறுநீரகம் பொருந்தியது. ஜனவரியில் மாற்று அறுவை சிகிச்சை. டாக்டரிடம் கேட்க நாற்பத்து மூன்று கேள்விகள் எழுதி வைத்திருந்தேன்.

அதற்கு ஒரு வாரம் முன்பு பொம்மனஹள்ளியிலிருந்து அண்ணன் போன் செய்தான். "கோச்சுக்காத பாப்பா. அண்ணி வீட்ல ஒத்துக்கல. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

நான் போனை அம்மாவிடம் கொடுத்தேன். "சாப்டியாப்பா?" என்று அவனிடம் கேட்டாள்.

அடுத்த டயாலிசிஸுக்கு நான் போகவில்லை. செத்துப் போகலாம் என்றுதான். நாலாம் நாள் மூச்சு முட்டி, என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் நர்ஸ்களின் டப்பாவிலிருந்து அவரைக்காய் உப்புமா வாசனை வந்தது. சாகப் போனவளுக்கு வாயில் எச்சில் ஊறியது. வெட்கமாக இருந்தது.

அவரையில் பொட்டாசியம் (கூடினால் இதயத்தையே நிறுத்திவிடும் உப்பு) அதிகம். டாக்டரை நச்சரித்தேன். கடைசியில், "மிஷின் ஓட ஆரம்பிச்ச அப்புறம், முதல் ஒரு மணி நேரத்துல ரெண்டு ஸ்பூன். மிச்ச மூணு மணி நேரத்துல அது வெளிய போயிடும். ஆசைக்குத்தான்மா, வயித்துக்கு இல்ல" என்றார்.

அவ்வளவுதான், எனக்கு மறுபடி திட்டம் கிடைத்துவிட்டது! ஜனவரிக்கு அவரை, சிவராத்திரி வந்ததும் ஒரு கீற்று தர்பூசணி, மே மாதம் பாதாமி மாம்பழம். காலண்டரில் குறித்தேன். வார்டு முழுக்க இதையே பேசினேன்.

பக்கத்துப் படுக்கை செல்வராஜ் அண்ணன், ஒக்கலிபுரத்து ஆட்டோக்காரர். "இன்னா தங்கச்சி, இன்னிக்கு மெனு இன்னா?" என்பார். டெக்னீஷியனிடம், "மேடம் ஹோட்டல் தொறந்துட்டாங்க குரு, பில்லு மட்டும் ஊசில போடுறாங்க" என்பார்.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் முறை மதியம் இரண்டு மணிக்கு. அன்று தண்ணீர் சுத்திகரிக்கும் பிளாண்ட் பழுதாகி, வராந்தா பெஞ்சில் காத்திருந்தோம். நாலானது. ஐந்தானது.

"பன்னெண்டு மணிக்கே ரெண்டு மாம்பழம் உள்ள தள்ளிட்டேன் தங்கச்சி. எப்படியும் மிஷின் இழுத்துரும்ல? மொத மணி நேரம் இன்னா, முன்னாடி மணி நேரம் இன்னா!" என்றார் செல்வராஜ் அண்ணன்.

சிரித்தேன்.

"காலு ரெண்டும் கல்லு மாதிரி கனக்குது."

"பழம் வெயிட்டுண்ணா" என்றேன்.

அவரும் சிரித்தார். பிறகு என் தோள்மேல் சாய்ந்தார். விளையாட்டு என்று நினைத்து இரண்டு முறை தள்ளிவிட்டேன்.

இதைப் படிக்கும் டயாலிசிஸ்காரர்களே, ஊசி ஏறி இயந்திரம் ஓடிய பிறகு மட்டும். அதுவும் உங்கள் டாக்டர் சரி என்றால் மட்டும். கால் கனத்தால் (பொட்டாசியம் ஏறியதன் அடையாளம்) உடனே கத்துங்கள். வார்டு முழுக்கப் பேசியபோது நான் இந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டேன்.

அடக்கம் முடிந்து, செவ்வாய்க்கிழமை செல்வராஜ் அண்ணனின் மனைவி லட்சுமியக்கா அவருடைய ஃபைலை வாங்க வந்தார். எனக்கு ஊசி ஏறியிருந்தது, அசைய முடியாது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு மாம்பழத்தையும் கத்தியையும் எடுத்தார்.

"மொத மணி நேரம்னு நீதானே சொன்ன? வூட்ல மூணு மிச்சம் கீது. யாரும் தொட மாட்டேன்றாங்க. தின்னு."

ஒரு கீற்று அறுத்து என் வாயருகே நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"இனிப்பா கீதா?"

"இருக்குக்கா."

தலையாட்டிவிட்டு, கத்தியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

உண்மையாகவே இனித்தது. இந்த உடம்பு என்னைக் கேட்டு எதையும் செய்வதில்லை என்று அப்போது தெரிந்தது. இயந்திரத்தில் ஓடிய நேரத்தைப் பார்த்தேன். முதல் மணி நேரம் முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. இன்னொரு கீற்று கிடைக்குமா என்று நாக்கு தேடியது.