எங்கள் வீட்டில் போடக்கூடாத பாட்டு

எங்கள் தெருவில் பாட்டு இரண்டே வகைதான். வீட்டில் போடுகிற பாட்டு ஒன்று, சாவுக்குப் போடுகிற பாட்டு இன்னொன்று. இந்தப் பாகுபாடு தெரியாமல் புதுச்சேரியிலிருந்து மரக்காணம் பக்கம் மருமகளாக வந்து சேர்ந்தேன். இரண்டாயிரத்து நான்காம் வருடம், கல்யாணம் ஆன புதிது. ஒரு மத்தியானம் மாமியார் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் கூடத்தில் என் டேப் ரெக்கார்டரை வைத்து எனக்கு ரொம்பப் பிடித்த கேசட்டைப் போட்டேன். முதல் பாட்டு பாதிகூட ஓடியிருக்காது. எதிர்வீட்டு அம்மா ஈரக் கையோடு ஓடி வந்து வாசலில் நின்றார்.

"யாரும்மா? பெரியவரா?"

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி அழுவதற்குத் தயாராகவே வந்திருந்தாள். பெரியவர் என்று அவர்கள் கேட்டது என் மாமனாரை. அவர் அந்த நேரத்தில் உப்பளத்தில் முழங்கால் வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உப்பு வாரிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். இந்தப் பக்கத்து ஊர்களில் ஒருவர் செத்துப்போனால், சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்னாலேயே மைக் செட்காரருக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவர் வந்து கரண்ட் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, சாவுக்கென்று வைத்திருக்கும் கேசட்டைப் போடுவார். அந்தப் பாட்டு காற்றில் வந்ததும் அளத்தில் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து, சத்தம் எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று பார்ப்பார்கள். அதுதான் தந்தி, அதுதான் போன். அந்தக் கேசட்டில் முதல் பாட்டு எதுவோ, என் கேசட்டிலும் அதுவே முதல் பாட்டு.

நான் பிறப்பதற்கு முன்னால் வந்த ஒரு படத்தின் பாட்டுகள் அவை. படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை என்பார்கள். கல்லூரியில் படிக்கும்போது ரெக்கார்டிங் கடையில் சொல்லிவைத்துப் பதிந்து வாங்கினேன். அந்த முதல் பாட்டில் எங்கேயும் சாவு கிடையாது. நாள் முழுக்க உழைத்த ஒருவன் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குக் கிளம்புகிறான். வழியில் பார்க்கிற மாடு, குளம், வேலி எல்லாவற்றிடமும் சொல்லிக்கொண்டு நடக்கிறான். அவ்வளவுதான். பாடகர் அவசரமே இல்லாமல் பாடுவார், நடுவில் ஒரு புல்லாங்குழல் வரும். மெதுவாகப் பாடினால் அது ஒப்பாரி என்று யாரோ ஒரு மைக் செட்காரர் முடிவு செய்திருக்கிறார். ஊரும் சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டது. வீட்டுக்குப் போகிறவனைச் சுடுகாட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். பாட்டு எழுதியவர் வந்து கேட்டால் இவர்கள் என்ன பதில் சொல்வார்கள்?

அன்று சாயங்காலமே தீர்ப்பாகிவிட்டது. அந்தக் கேசட் இந்த வீட்டில் ஓடக்கூடாது என்றார் மாமியார். வார்த்தைகளைக் கேட்டுப் பாருங்கள் அத்தை, சாவு எங்கே இருக்கிறது என்று நான் வரி வரியாக எடுத்துச் சொன்னேன். வார்த்தையை யார் கேட்டார்கள், சத்தம் வந்தாலே யார் வீட்டுச் சாவோ என்று பயம் வருகிறது என்றார். என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊரோடு ஒத்துப்போனால் என்ன குறைந்துவிடும் என்று தட்டைப் பார்த்தபடியே கேட்டார். மாமனார் மட்டும், "நல்ல பாட்டாச்சே அது" என்றார். மாமியார் ஒரு பார்வை பார்த்ததும் கால் கழுவப் போய்விட்டார். அவர் சைக்கிளில் அளத்திலிருந்து திரும்பும்போது அதே பாட்டை முனகிக்கொண்டு வருவதை நானே பல நாள் கேட்டிருக்கிறேன். முனகினால் சாவு வராதாம், டேப்பில் போட்டால்தான் வருமாம்.

அந்த வருடக் கடைசியில் கடல் உள்ளே வந்தது. எங்கள் தெருவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அளத்தில் பாத்திகள் எல்லாம் சேறாகிப் போயின. அனுமந்தைப் பக்கத்து மீனவர் குப்பங்களில் காரியம் நடந்த நாட்களில் அந்தப் பாட்டு காலையிலிருந்து இருட்டும் வரை காற்றில் வந்துகொண்டே இருந்தது. மாமியார் ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நாட்களில் நானும் டேப் ரெக்கார்டரைத் தொடவில்லை. அவருடைய பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பயத்துக்காக ஒரு நல்ல பாட்டை ஏன் தண்டிக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

பாத்திகளைச் சீர்செய்ய மாமனார் வெயிலில் மாதக்கணக்கில் கிடந்தார். கோடையில் ஒரு நாள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வலது கையும் காலும் வரவில்லை, வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தோம். பிளக் பாயின்ட் கூடத்தில்தான் இருந்ததால் டேப் ரெக்கார்டரும் அவர் தலைமாட்டுக்கு வந்தது. இனிமேல் நான் என்ன போட்டாலும் அவரும் கேட்டாக வேண்டும்.

தெரிந்த பாட்டு போட்டால்தானே வம்பு, யாருக்கும் தெரியாத பாட்டாகப் போட்டால் என்ன என்று தோன்றியது. அப்போது புதுச்சேரிக் கடைகளில் எம்பி3 சிடி வந்து, கேசட்டுகளை ஒரு மூலையில் சாக்குப் பையில் கொட்டி வைத்திருந்தார்கள். நூற்றைம்பது பாட்டு ஒரே தட்டில் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். கேசட்டில் எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு வரவேண்டும் என்று யோசித்து அடுக்கினவன் முட்டாள் போலிருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் அம்மா வீட்டுக்குப் போகிற சாக்கில் அந்தச் சாக்கைக் கிளறி, கண்ணை மூடிக்கொண்டு கையில் வந்ததை எடுப்பேன். பாடுகிறவர் யார், என்ன பாஷை, எதுவும் தெரியாது. திரும்பி வருகிற பஸ் கீழ்புத்துப்பட்டு தாண்டுவதற்குள் அட்டைகளை எல்லாம் முன்னும் பின்னும் பார்த்துவிடுவேன்.

புதுக் கேசட் முதல் தடவை கேட்கும்போது எனக்கு எதுவும் ஏறாது. இரண்டாம் தடவை எரிச்சல் வரும். அதற்கப்புறம் ஏதோ ஒரு இடம், ஒரு சின்ன இழுப்பு, பாத்திரம் தேய்க்கும்போது தானாக ஞாபகம் வரும். அதோடு அந்தக் கேசட் எனக்குச் சொந்தமாகிவிடும். அப்படி எனக்குப் பிடித்துப்போனவற்றை எங்கள் வீடு ஒவ்வொன்றாகத் தள்ளியது. யாரோ ஒருவர் ஏதோ ஒரு மரக்குழலை மூச்சு விடாமல் ஊதிய கேசட்டைப் போட்டேன். பாம்பு வரும், நிறுத்து என்றார் மாமியார். இந்திப் பாட்டு போட்டேன். பாடுகிற அம்மா எதுக்கு இப்படி அழுகிறாள் என்றார். மேளம் மட்டுமே உள்ள ஒன்றைப் போட்டால் தீமிதி மாதிரி இருக்கிறது, தலை வலிக்கிறது என்றார் கணவர்.

கடைசியில் ஒரு கேசட் மாமியாருக்குப் பிடித்தது. ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டமே சேர்ந்து பாடுகிற வெளிநாட்டுப் பாட்டு. அட்டையில் கல் கட்டடத்தின் உள்பக்கம், மேலே வண்ணக் கண்ணாடி. இது சாமி பாட்டு, எந்தச் சாமியாக இருந்தால் என்ன என்று சொல்லி, தினமும் விளக்கு ஏற்றும்போது அதைப் போடச் சொன்னார். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஆண்கள் எல்லோரும் நிறுத்திவிட்டு ஒரே ஒரு பெண் குரல் மட்டும் மேலே போகிற இடத்தில், குழம்பு கொதித்தாலும் கரண்டியை வைத்துவிட்டு வந்து நிற்பேன்.

அடுத்த தடவை புதுச்சேரி போனபோது அந்த அட்டையை எடுத்துப்போனேன். அதே ஆட்கள் பாடிய வேறு கேசட் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் காட்டினேன். பக்கத்தில் பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். அட்டையை வாங்கிப் படித்துவிட்டு, யார் தவறிவிட்டார்கள் என்று மெதுவாகக் கேட்டார். யாரும் இல்லையே என்றேன். இது சர்ச்சில் செத்தவர்களுக்காகப் பாடுகிற பூசைப் பாட்டு என்றார்.

கடையில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கோபம் வந்தது. வேறு ஊர்ச் சாவுப் பாட்டு எங்கள் வீட்டில் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் ஓடுகிறது. வீட்டுக்குப் போகிறவனின் பாட்டு சாவுப் பாட்டாகிப் பெட்டிக்குள் கிடக்கிறது. வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றியதுமே மாமியாரிடம் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"அது அவுங்க ஊரு சாவும்மா. அது நம்ம ஊட்டுக்கு எதுக்கு வரப்போவுது?"

மறுநாளும் விளக்கு ஏற்றிவிட்டு, அந்தப் பாட்டைப் போடு என்றார். நான் எழுந்து போனேன். கட்டிலிலிருந்து மாமனார் இடது கையை ஆட்டினார். வேண்டாம் என்கிறார் என்று புரிந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன். வார்த்தை ஒன்றுக்குள் ஒன்று குழைந்து வந்தது.

"அது வேணாம். நம்ம பாட்டு போடும்மா."

எது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், மாமியாருக்கும் தெரியும். நான் பெட்டியைத் திறந்து கேசட்டைக் கையில் எடுப்பதற்குள் அவர் விளக்கடியிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"படுத்த படுக்கையா கெடக்குற மனுசன் தலமாட்டுல அதப் போடுவியா? ஏம்மா, அவுரு போயிடணும்னு பாக்குறியா?"

"கேக்குறது அவுருதாங்க அத்தை. நான் இல்ல."

"அவுரு கேப்பாரு. அவுருக்கு இன்னா தெரியும்?"

அறுபது வயது வரை ஓர் அளத்தையே நடத்தினவருக்குத் தனக்கு எந்தப் பாட்டு வேண்டும் என்று தெரியாதாம். நான் சத்தமாகவே சண்டை போட்டேன். எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்து நின்றார். என் கணவர் என் கையிலிருந்த கேசட்டை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அவர் அம்மாவிடம் கொடுத்தார். என் அம்மா வீட்டிலிருந்து வந்த பீரோ அது. மாமனார் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதுச்சேரியில் அதே பாட்டை மறுபடி பதிந்து வாங்கலாம் என்று போனால், ரெக்கார்டிங் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார்கள். எம்பி3 தட்டுகளில் தேடினேன். ஓடாத படத்துக்கு அதில் இடமில்லை. மாமியார் ரேஷன் கடைக்குப் போன ஒரு நாள், கஞ்சி கொடுக்கும்போது நானே இரண்டு வரி பாடிப் பார்த்தேன். எனக்குக் குரல் கிடையாது. மாமனார் கோணின வாயால் சிரித்துவிட்டு, போதும் என்று கையைக் காட்டினார். அந்தப் பாடகர்தான் வேண்டும் அவருக்கு. அதற்கப்புறம் எப்போதாவது நான் டேப் ரெக்கார்டர் பக்கம் போனால் கண்ணைத் திறந்து பார்ப்பார். இல்லை என்று தெரிந்ததும் மூடிக்கொள்வார். வாய்விட்டு மறுபடி கேட்கவில்லை.

அடுத்த வருடம் உப்பு வாருகிற நாட்களில் ஒரு காலையில் போய்விட்டார். மைக் செட்காரர் வந்து கம்பத்தில் ஸ்பீக்கரைக் கட்டினார். அவரும் எம்பி3-க்கு மாறியிருந்தார். பழைய கேசட் நாடா சிக்கி அறுந்துவிட்டது, இதில் அந்தப் பாட்டு இல்லை, வேறு போடட்டுமா என்று என் கணவரிடம் கேட்டார். இவர் பதில் சொல்வதற்குள், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாமியார் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"பீரோவுல கீது பாரு. அதப் போடச் சொல்லு. அவுருக்கு அதுன்னா உசுரு."

கணவர் பீரோவைத் திறந்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமலே கேசட்டையும் என் டேப் ரெக்கார்டரையும் கொண்டுபோய்க் கொடுத்தார். பாட்டு ஆரம்பித்தது. அந்தப் பாடகர் வழக்கம்போல அவசரமே இல்லாமல், குளத்திடமும் வேலியிடமும் சொல்லிக்கொண்டு தெரு முழுக்க நடந்தார். அளத்தில் எல்லோரும் நிமிர்ந்திருப்பார்கள். கூடத்தில் பெண்கள் சத்தமாக அழத் தொடங்கினார்கள். மாமியார் மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு, மாமனாரின் காதருகே குனிந்தார்.

"கேக்குதாய்யா? நீ கேட்டியே, அந்தப் பாட்டுதான்."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அங்கேயே நின்றிருந்தால், பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டு மாமியாரோடு சண்டை போட்டிருப்பேன்.