பெட்டி இல்லாத திரை

கொட்டாஞ்சேனையில் ஒரு மொத்த மளிகைக் கடை. பின்பக்கக் களஞ்சியத்தில் அப்பாவுக்கு வேலை. மூட்டை தூக்கி இடுப்பு விட்டுப்போன பிறகு முதலாளி அவரைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார். கறுப்புத் திரையில் மேலும் கீழுமாக, தலைப்போடு இரண்டு பெட்டிகள். மேல் பெட்டியில் இலக்கம் இருந்தால் அந்த ஓடரை லொறியில் ஏற்றவேண்டும். கீழ்ப் பெட்டியில் இருந்தால் சாமான் போய்விட்டது. அப்பாவுக்கு இலக்கம் தெரியும், எழுத்துத் தெரியாது. வீட்டுக்கு வெளியே அது யாருக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். முதலாளியிடம் கெஞ்சி என்னை அங்கே கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்த்ததும் அப்பாதான்.

சேர்ந்த கையோடு புது மெஷின்கள் மாற்றினேன். பழைய புரோகிராமைத் திறந்தால் பெட்டிகளைக் காணோம். பெட்டிக் கோடு இருந்த இடமெல்லாம் எல், கியூ, எக்ஸ் என்று ஆங்கில எழுத்து. 'இனி வருவது கோடு' என்று புரோகிராம் பழைய முறையில் காட்டும் சைகையை, யுனிகோட் என்ற புது எழுத்துமுறையில் ஓடும் புதுத் திரை கண்டுகொள்ளவில்லை.

பில் போடும் அக்கா சிரித்தார். "என்ன தம்பி, எங்களக் கியூவில நிக்கச் சொல்லுதா? பரவாயில்ல, தலைப்ப வாசிச்சுச் சமாளிக்கிறம். ஆறுதலாப் பாருங்க."

ஆறுதலாகத்தான் பார்த்தேன். களஞ்சியத்திலும் அதே திரைதான் என்பது என் நினைவுக்கே வரவில்லை.

வெள்ளவத்தைக் கடையொன்றுக்குப் போன சாமானையே அப்பா இரண்டாம் முறையும் ஏற்றிவிட்டார். சத்தம் கேட்டு நான் ஓடிப் போனபோது, "கண் மங்கிப் போச்சு முதலாளி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப ஸ்கிரீன் சரிவராது. மூட்டைப் பக்கம் நில்லுங்க."

அன்று மாலை வீடு திரும்பும் பஸ்ஸில் அப்பா மெதுவாகச் சொன்னார்: "நீ வாயத் திறக்காத மகன். புதுசாச் சேர்ந்தவன்."

பெட்டிக் கோடுகளையும் யுனிகோட் எழுத்தாகவே அனுப்பும்படி ஒரு வரி எழுதியதும் மறுநாள் காலை பெட்டிகள் வந்துவிட்டன. அவ்வளவு சின்ன வேலை. நேரே முதலாளியிடம் போனேன்.

"கோடு இல்லாததாலதான் அப்பா பிழை விட்டவர். அது என்ட பிழை, முதலாளி."

"மற்ற ஆக்களுக்கு விளங்கினது தானே தம்பி? தலைப்பு கொட்டை எழுத்தில கிடந்துதே. அவருக்கு மட்டும் ஏன் விளங்கல்ல?"

அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா சீனி மூட்டையோடு நின்று என்னையே பார்த்தார்.

"ஓம் முதலாளி," என்றேன். "அவருக்குக் கண்தான்."