வக்கீல் தடுத்த ஆட்டுக்கால் சாறு

பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் நான் வாத்தியாராக இருந்தபோது, வண்டிக்காரன் வராத ஒரு நாள் வில்வண்டியை நானே ஓட்டிப் பார்த்தேன். ஓட்டியதோடு நிற்காமல் கீர்த்தனையும் பாடினேன். மேல்ஸ்தாயியை எட்டிப் பிடித்த இடத்தில் மாடு மிரண்டது. கயிறு என் கையில் இருந்தது. மாடு என் கையில் இல்லை. எதிரே வந்த ஜவுளிக்கடை அண்ணாச்சியின் காலில் சக்கரம் ஏறி எலும்பு முறிந்தது.

அண்ணாச்சி எங்களுக்கு அடுத்த வீடு; வேதக்கோயிலிலும் அடுத்த பாய். தெருவில் நடந்த காரியம் என்பதால் போலீசார் என்மேல் கேஸ் எழுதிவிட்டார்கள். மறுநாள் என் மனைவி ஆட்டுக்கால் சாறு வைத்துத் தந்தாள். தூக்குச்சட்டியோடு படியிறங்கினால், வாசலில் என் வக்கீல். வேறு யாருமில்லை, அவளுடைய அண்ணன்தான்.

"எங்கன போறீரு, மாப்ளே?"

"அண்ணாச்சியப் பாத்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வாரேன்."

"கெடுத்தீரு! மன்னிப்புக் கேட்டா தப்பை ஒத்துக்கிட்டதா ஆயிரும் வே. அதையே கோர்ட்டுல சாட்சியாக் கொண்டு வருவாங்க. தண்டனை ஆச்சுன்னா மிஷன்ல வேலை நிக்குமா?"

"வாயத் திறக்கலை. சாறை மட்டும் குடுத்துட்டு..."

"சாறும் பேசும்."

அந்தச் சாற்றை மச்சானே குடித்தார். நன்றாக இருக்கிறது என்றார்.

வைத்தியர் வந்து கட்டை அவிழ்த்துக் கட்டும்போதெல்லாம் அண்ணாச்சி அலறுவது சுவர் தாண்டிக் கேட்கும். நான் இந்தப் பக்கம் கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன். ஊரே போய் விசாரித்துவிட்டு வந்தது. "வாத்தியாரு எங்கன, ஊர்ல இல்லையா?" என்று அவர்களிடம் அண்ணாச்சி கேட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை சபையார் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மச்சான் விலாவில் இடித்தார். "பைய வே! எல்லாரும் சொல்லுத அளவுக்குச் சொன்னாப் போதும்."

பிணக்கு உள்ளவன் முதலில் ஒப்புரவாகிவிட்டுத்தான் நற்கருணைக்கு வர வேண்டும் என்பது எங்கள் முறை. எல்லோரும் எழுந்து அப்பம் வாங்கப் போனார்கள். நல்ல கால் இரண்டு இருந்தும் நான் பாயிலேயே கிடந்தேன்.

விசாரணையன்று அண்ணாச்சியை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். ஒரு கை பிடிக்க ஓடினேன். மச்சான் என் வேட்டியைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"வாத்தியார் வேணும்னா செய்தாரு? மாடு மிரண்டுட்டு. நானும் கொஞ்சம் ஒதுங்கியிருக்கலாம்" என்று அண்ணாச்சி சாட்சி சொன்னார். பாவம், அவருக்கு வாயைக் கட்ட வக்கீல் இல்லை. அந்தக் கடைசி வார்த்தையை மச்சான் விடுவாரா? அதைப் பிடித்துக்கொண்டே வாதாடினார். கேஸ் தள்ளுபடி ஆயிற்று.

"இனி போயி ஆசை தீர மன்னிப்புக் கேளும்" என்றார் மச்சான்.

அன்றைக்கே சாறோடு போனேன். கம்பு ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தவரை உட்காரவைத்து, சேர்த்துவைத்ததை எல்லாம் கொட்டினேன். அழவும் செய்தேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார்.

"இப்ப சொல்லலாம்னு வக்கீல் சொல்லிட்டாராக்கும்?"

கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஆமா, அண்ணாச்சி."

தலையை ஆட்டினார். தூக்குச்சட்டியை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்று விசாரித்தார். நான் இருந்தவரை அதன் மூடியைத் திறக்கவில்லை.