நுவரெலியாக் குளத்தில் துருசு தேடிய நாள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். நான் படித்தது நாலாம் வகுப்பு வரைதான். எழுத்துப் பிழைகளை வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வேனில் புதிதாகச் சேர்ந்த இரண்டு தம்பிமார், ட்ரிப் போகும்போது பார்ட்டியிடம், அதாவது வேனில் வருகிற ஆட்களிடம், என்ன கதைப்பது என்று என்னைக் கேட்டார்கள். வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

1. கைட் வேலை கிடைத்தது

சின்ன வயதில் பண்டாரவளையில் ஒரு பலசரக்குக் கடையில் எட்டு வருடம் நின்றேன். சிங்களமும் மலைநாட்டுப் பாதைகளும் அங்கே பழகியவை. ஊருக்குத் திரும்பிக் கல்யாணம் முடித்த பிறகு, சம்மாந்துறையில் ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்கினேன். முப்பத்தெட்டாவது வயதில் ஒருநாள் மூட்டையோடு குனிந்தவன் நிமிரவில்லை. இனி ஒரு மூட்டையும் தொடக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாதம் வீட்டில் கிடந்தேன். மனைவி பன்பாய் இழைத்துத்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

அது 1979ஆம் ஆண்டு. கல்முனையில் வாடகைக்கு வேன் விட்ட ஒரு முதலாளியின் கைட், சவூதிக்குப் போய்விட்டார். எங்கள் வேலையில் கைட் என்றால் ட்ரைவருக்குப் பக்கத்தில் இருந்து போக வேண்டும். இடம் வந்ததும் இறங்கி அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் இடம் பார்க்க வேண்டும். பிறகு ஆட்களை எண்ணி ஏற்ற வேண்டும். எனக்கு மற்றதெல்லாம் வரும். அந்த நாலு வார்த்தைதான் வராது. என் கல்யாணத்திலேயே சம்மதமா என்று கேட்டதற்கு மூன்றாம் முறைதான் சத்தம் வந்தது.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். சிங்களம் தெரியும் என்றதால் ஒரு சந்தர்ப்பம் கொடுத்தார்.

"சம்மாந்துறைப் பார்ட்டி ஒண்டு நுவரெலியாவுக்குப் போகுது. அஞ்சு இடம் காட்டணும். அஞ்சும் காட்டி, அவங்க வந்து நல்லாச் சொன்னா வேன்ல இரி. இல்லாட்டி நான் வேற ஆளப் பாக்கிறன்."

ஐந்து இடமும் இவை: நீர்வீழ்ச்சி, பூந்தோட்டம், குளம், தேயிலைக் கொழுந்து அரைக்கிற ஸ்டோர், குதிரைப் பந்தயத் திடல். முதலாளியின் மருமகன் ஒரு வாத்தியார். அவர் ஒவ்வொரு இடத்துக்கும் அரைப் பக்கம் எழுதித் தந்தார். நான் அதை நாலு நாள் கிணற்றடியில் நின்று பாடமாக்கினேன். மனைவிக்கும் பாடமாகிவிட்டது.

2. பார்ட்டி

அவர்கள் பதினொரு பேர். எல்லோரும் ஒரே கண்டத்து விவசாயிகள். கண்டம் என்றால் ஒரே வாய்க்காலில் பாயும் வயல்வெளி. அந்த வருடத்துச் சிறுபோக வெள்ளாமைக்குத் தண்ணீர் மட்டு. கடைசி வயல்களுக்கு முறை வைத்துத்தான் பாய்ச்சியிருந்தார்கள். எப்படியோ வெள்ளாமை வெட்டி முடித்து, ஆறுதலுக்குப் புறப்பட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பெரியவர் நூகுலெவ்வை விதானையார். வட்டவிதானை, அதாவது அந்தக் கண்டத்தில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று பகிர்ந்து விடுகிறவர். அறுபது வயது இருக்கும். அதிகம் கதைக்க மாட்டார். அவருக்கும் சேர்த்துக் கதைக்க ஆதம்பாவா காக்கா என்று ஒருவர் இருந்தார். அண்ணன் முறையானவர்களை எங்கள் பக்கம் காக்கா என்போம்.

முதல் நாள் பதுளைக்குப் போய் முதலாளிக்குத் தெரிந்த கடை மாடியில் தங்கினோம். மறுநாள் விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு நீர்வீழ்ச்சிக்குப் போனோம். நான் இறங்கி நின்று தொடங்கினேன். நீர்வீழ்ச்சியின் இரைச்சலில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அது ஒரு வகையில் நன்மை. பூந்தோட்டத்தில் இரைச்சல் இல்லை. இரண்டாவது வரியோடு பாடம் நின்றுவிட்டது. பதினொரு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆதம்பாவா காக்காதான் உதவிக்கு வந்தார். "அது கிடக்கட்டும் தம்பி. இவ்வளவு பெரிய தோட்டத்தில காய்க்கிற மரம் ஏதாச்சும் இரிக்கா?"

இல்லை என்றேன். எல்லோரும் வேனுக்குத் திரும்பினார்கள். குளிருக்கு உடுத்தியிருந்த சாரத்தைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாதிப் பேர் நித்திரையானார்கள். என் மடியில் வாத்தியாரின் காகிதம். மனதில் பன்பாய்.

3. குளம்

நுவரெலியாக் குளத்தடியில் வேன் நின்றபோது பகல் பதினொரு மணி இருக்கும். சுற்றிவர மலை, நடுவில் தண்ணீர், மேலே லேசாகப் பனிப்புகார். வேனுக்குள் யாரோ "தண்ணி" என்றார். பதினொரு பேரும் எழும்பி, நான் கதவைத் திறக்குமுன் இறங்கிவிட்டார்கள்.

இது ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டியது என்று நான் தொடங்கினேன். விதானையார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, இந்தத் தண்ணி எந்தக் கண்டத்துக்குப் போற?"

காகிதத்தில் அது இல்லை. போட் ஓடுவதும், துரைமார் உலாவியதும்தான் இருந்தது.

"எங்கயும் போறல்ல, விதானையார். பாக்கிறத்துக்குத்தான்."

 பிறகு ஆதம்பாவா காக்கா மெதுவாகச் சொன்னார், "நம்ம அங்க ஒரு மணித்தியால முறைக்கு மண்வெட்டியோட நிண்டம். இவங்க பாக்கிறத்துக்கு வெச்சிரிக்காங்க."

விதானையார் நம்பவில்லை. என் மீது கோபமும் இல்லை. "குளக்கட்டு இரிக்கிண்டா துருசும் இரிக்கும்" என்று சொல்லிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோரம் நடந்தார். குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் கதவைத்தான் எங்கள் பக்கம் துருசு என்போம். பத்துப் பேரும் அவர் பின்னால் போனார்கள்.

பாண்டிருப்புச் சிவம்தான் எங்கள் ட்ரைவர். அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "காக்கா, ஸ்டோர மூணு மணிக்குப் பூட்டிருவாங்க. பெரியவரத் திருப்புங்க."

திருப்ப ஓடினேன். கூப்பிட வாய் வரவில்லை. ஆகையால் பின்னாலேயே நடந்தேன். அவர்களோ நடையில் பத்து அடிக்கு ஒருமுறை நின்றார்கள். இந்த இடத்தில் கட்டு தாழ்ந்திருக்கிறது, இந்த இடத்தில் மாடு இறங்கியிருக்கிறது என்று ஒவ்வொருவரும் ஒரு குற்றம் கண்டுபிடித்தார்கள். காலையிலிருந்து அவர்கள் இவ்வளவு கதைத்ததை நான் கேட்கவில்லை.

குளத்தின் ஒரு கோடியில், பற்றைச் செடிகளுக்குப் பின்னால், துருசு இருந்தது.

சின்னத் துருசுதான். வாய் முழுக்கப் பாசியும் புல்லும் அடைத்திருந்தது. அங்கால் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் நூல் போல ஒழுகியது. விதானையார் அதைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி என் கையில் தந்தார். நான் ஏன் என்று கேட்குமுன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் மூன்று பேர் இறங்கினார்கள். ஆதம்பாவா காக்கா குளிரில் ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பாசியை அள்ளிக் கரையில் எறியத் தொடங்கினார். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அடைத்த துருசைக் கண்டால் அவர்களுக்குக் கை சும்மா இராது.

அப்போதுதான் குளத்துக்குக் காவல் நிற்கிற வோச்சர் ஓடி வந்தார். காக்கிச் சட்டை, கையில் தடி. அவர் சிங்களத்தில் ஏசியதை இங்கே எழுதுவதற்கில்லை. குளத்தில் இறங்குவது குற்றம், எல்லோரையும் மேலதிகாரியின் கந்தோருக்குக் கொண்டுபோகப் போகிறேன், வேன் நம்பரைச் சொல் என்றார். கரையில் சட்டையோடு நின்றவன் நான்தான்.  வேன் நம்பர் கந்தோருக்குப் போனால் என் வேலை அன்றோடு சரி.

விதானையார் தண்ணீருக்குள் நின்றபடியே கேட்டார், "மகனே, அவருட்டக் கேளு, இத எப்ப கடைசியாத் துப்புரவாக்கின எண்டு."

வேறு வழி தெரியாமல் அப்படியே சிங்களத்தில் கேட்டேன். இவர் எங்கள் ஊரில் வயலுக்குத் தண்ணீர் பகிர்கிறவர், அதனால்தான் கேட்கிறார் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

வோச்சரின் தடி கீழே இறங்கியது. மூன்று மாதமாக ஆள் கேட்கிறேன், ஒருவரும் அனுப்பவில்லை, கீழே மரக்கறித் தோட்டக்காரர்கள் ஒவ்வொரு காலையும் தண்ணீர் இல்லை என்று வந்து என்னைத்தான் ஏசுகிறார்கள் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

விதானையார் முதல் முறையாகச் சிரித்தார். "அப்ப அவரும் நம்மட ஆள்தான். ஏச்சு வாங்கிற உத்தியோகம்."

அதையும் சிங்களத்தில் சொன்னேன். வோச்சர் பாதையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. இறங்கியது இறங்கிவிட்டீர்கள், அந்த மூலையையும் எடுத்துவிடுங்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

பாசி முழுவதும் வந்ததும் வோச்சரே துருசை ஒரு சாண் தூக்கினார். வாய்க்காலில் தண்ணீர் இரைந்துகொண்டு போனது. அதன் பின்னால் நாங்களும் போனோம். கீழே படிப்படியாக லீக்ஸும் கரட்டும். தண்ணீரைக் கண்டு தோட்டக்காரர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். எத்தனை நாளைக்கு ஒரு முறை, யாருக்கு முதல், களவாகத் திருப்பினால் என்ன தண்டம் என்று இரண்டு பக்கமும் மாறி மாறிக் கேட்டார்கள். நான் நடுவில் நின்று இரண்டு பாஷையிலும் கதைத்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்திருப்பேன். இரண்டு பக்கத்தாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களே தவிர, என்னை ஒருவரும் பார்க்கவில்லை. அதனால் எனக்குக் கூச்சமும் வரவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்கு அந்த வாய்க்காலிலேயே முகம் கை கால் கழுவி வுழு எடுத்தோம். பற்கள் அடித்துக்கொண்டன. தொழுது முடித்தபோதுதான் ஸ்டோர் நினைவுக்கு வந்தது. அது பூட்டி நேரமாகிவிட்டது. திடலையும் பனிப்புகார் மூடிவிட்டது.

4. முதலாளி

அன்று இரவு பதுளைக்குத் திரும்பி, அடுத்த நாள் முற்பகலில் கல்முனைக்கு வந்தோம். சம்மாந்துறைக்குப் போகுமுன் விதானையார் முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போக இறங்கினார். ஆளுக்கொரு கட்டு லீக்ஸ் மடியில் இருந்தது. தோட்டக்காரர்கள் கொடுத்தது. நான் வேனுக்குப் பின்னால் பைகளை இறக்குவது போல நின்றேன்.

அஞ்சு இடமும் பார்த்தீங்களா என்று முதலாளி கேட்டார். மூன்று என்றார் விதானையார். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"இஞ்ச வா. மத்த ரெண்டும் எங்க?"

பொய் சொல்லவும் வாய் வேண்டும். உள்ளதைச் சொன்னேன். அவர்கள் குளத்தில் இறங்கித் துருசு துப்புரவாக்கினார்கள், அதில் நேரம் போய்விட்டது என்றேன். வோச்சர் தடியோடு வந்ததையும் மறைக்கவில்லை. முதலாளியின் முகம் இறுகியது. வேன் நம்பர் எழுதினாரா என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். சம்மாந்துறைப் பக்கம் அவருக்கும் எட்டு ஏக்கர் வயல் உண்டு. அதுவும் வாய்க்காலின் கடைசியில்.

"துருசு இரும்பா, பலகையா?" என்று கேட்டார்.

"பலகைதான். ஓரத்தில ஒழுகுது."

"ஒழுகுதா?" என்று கதிரையை முன்னால் இழுத்தார். "இரி. விதானையார், நீங்களும் இரிங்க. சிவம், தேத்தண்ணி சொல்லு."

அன்று நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும் வரை துருசுக் கதைதான் நடந்தது. வேலை உனக்குத்தான் என்று அவர் ஒருநாளும் வாயால் சொல்லவில்லை. அடுத்த கிழமை நிந்தவூர்ப் பார்ட்டி ஒன்று வந்தபோது, என்னைக் கேட்காமலே என் பெயரை எழுதிவிட்டார்.

தம்பிமாருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். காகிதத்தைப் பாடமாக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வேன் புறப்படுமுன், வந்திருப்பவர்கள் என்ன தொழில் செய்கிறவர்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மீன்பிடிக்கிறவர்கள் போட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். தையல்காரர்கள் துரைமார் கோட்டின் மடிப்பைப் பார்ப்பார்கள். எதைப் பார்க்க நிற்கிறார்களோ அங்கே நீங்களும் நில்லுங்கள். தெரியாததைக் கேட்டால், அங்கே தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்துக் கேட்டுச் சொல்லுங்கள். எனக்கு இன்றைக்கும் கூட்டத்துக்கு முன்னால் கதைக்க வராது. இருந்தும் இந்த வேலைக்கு வந்து ஐந்து வருடம் ஆகப்போகிறது.

எழுதி முடித்தது: 14.03.1984, புதன்கிழமை, பின்னேரம்.