நான் துடைத்த ட்ரம்பெட்

என் தம்பி ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றி இருநூறு படம் எடுப்பான். கம்ப்யூட்டர் அவற்றைச் சேர்த்து, எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கிற மாதிரி ஓர் உருவம் தரும். மரம், கல் எல்லாம் சுலபம். பளபளப்பான சாமான்தான் உயிரை வாங்கும். கேமரா நகர நகர, அதில் தெரியும் ஜன்னலும் விளக்கும் கூடவே நகர்ந்து கம்ப்யூட்டரைக் குழப்பிவிடும். அதனால் மெல்லிய வெள்ளைப் பொடி அடித்து, அதன்மேல் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் தெளிப்பான். அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் ஒரு படம் இன்னொன்றோடு சேரும். யாரும் சொல்லித் தராமல் கற்றுக்கொண்டான்.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்று, தம்பி கெட்டிக்காரன் என்பது மட்டும்தான் தெரியும்.

அன்று ஒரு பேண்டுக்காரர் முப்பது வருஷம் ஊதிய ட்ரம்பெட்டைக் கொண்டுவந்திருந்தார். அதைச் செய்த கம்பெனி இப்போது இல்லை. அதே மாதிரி இன்னொன்று செய்ய உருவம் வேண்டும். நான்கு மணிக்கு அவருக்கு வெளியூர் பஸ்.

தம்பி வேலை செய்யும் மாடி அறைக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். தம்பி கை கழுவப் போனான். மேஜைமேல் ட்ரம்பெட் வெள்ளை பூத்து, புள்ளி புள்ளியாக நின்றது. நான் சலவைக்கடையில் கறை எடுக்கிறவள். கை சும்மா இருக்குமா? பக்கத்தில் கிடந்த துணியால் ஓரிடத்தைத் துடைத்தேன். அங்கு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அரைகுறையாக விட மனம் வரவில்லை. சுற்றிலும் ஒரே சீராகத் துடைத்து முடித்தேன்.

"என்னக்கா பண்ணின?"

"அழுக்கா இருந்துச்சுடா. இப்பப் பாரு."

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "நூத்தி நாப்பது படம் எடுத்துட்டேன்க்கா. மீதி இனிமே அதோட சேராது."

"மறுபடியும் புள்ளி வையேன்."

"அதே இடத்துல அதே புள்ளி வைக்க நான் என்ன பிரம்மாவா? காலையிலேருந்து எடுத்தது இது. முதல்லேருந்து எடுக்க நேரமில்ல."

மூன்றரைக்குப் பேண்டுக்காரர் படியேறி வந்தார். "முடிஞ்சுதா தம்பி?"

"இல்லைங்க. பொடியை நான் சரியா அடிக்கல. என் தப்புதான்."

"வேலை தெரிஞ்சவர்னு சொல்லித்தான் அனுப்பினாங்க" என்றார். குரல் உயரவில்லை. நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். தம்பியின் பெருமையை மணிக்கணக்காகப் பேசுகிற வாய், அப்போது திறக்கவில்லை.

அவர் போனதும் மனம் கேட்காமல் பின்னாலேயே ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா?"

"வாத்தியத்தைப் பத்திரமா கொண்டுபோங்க" என்றேன். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

தம்பி கேமராவைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். "சொல்லிட்டியா?"

"இல்லடா."

"விடு. சொல்லியிருந்தா, வேலை நடக்கிற இடத்துல அக்காவை ஏன் விட்டேன்னு கேட்டிருப்பார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல." சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அந்த பேண்டிலிருந்து இன்னும் இரண்டு பேர் தங்கள் வாத்தியங்களோடு வருவதாக இருந்தது. வரவில்லை. தம்பி அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. திட்டியிருந்தால் தேவலை.