முடியாது என்று சொல்லாதவர்கள் நடுவே ரூபி அக்கா

ரூபி அக்கா காலமான செய்தி எனக்கு ஹாலிஎல பஸ் தரிப்பில் வந்தது. ஆலயத்துக் காவலாளி தோமஸ் தொலைபேசியில், "அண்ணே, ரூபி அக்கா போயிட்டாங்க. தையல் மிஷின் முன்னாடி உக்காந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்களாம்" என்றார். சபையாரே, உங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அடக்கம் என்றைக்கு இருக்கும், அன்று சபை மண்டபத்தை வேறு யாருக்காவது கொடுத்திருக்கிறோமா என்ற யோசனைதான் வந்தது. நெடுங்காலம் சபைக் குழுவின் செயலாளராக இருந்தவனின் மூளை அப்படித்தான் வேலை செய்கிறது. பஸ் பதுளையை நெருங்கும்போதுதான் அழுதேன்.

பதுளை பஜாரில் அவருடைய தையல் கடை உங்கள் எல்லோருக்கும் தெரியும். முன்னறை கடை, பின்னால் வீடு. பள்ளிச் சீருடை, கல்யாண ரவிக்கை, பாடகர் குழுவின் வெள்ளை அங்கி எல்லாம் ஒரே மேசையில்தான் வெட்டப்படும். கணவர் போன பிறகு தனியாகத்தான் இருந்தார். வாய் கொஞ்சம் நீளம். பாடகர் குழுப் பெண் ஒருத்தி அங்கியின் ஓரத்தை ஊசியால் குத்தி மடித்துக்கொண்டு வந்ததற்காக எல்லார் முன்னாலும் அவளைத் திட்டி அழவைத்தார். மன்னிப்பும் கேட்கவில்லை. மறுநாள் புது அங்கி ஒன்றைத் தைத்து அவள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். அவரைப் புனிதவதி ஆக்குவதற்காக நான் இதை எழுதவில்லை. ஆக்கினால் பெட்டியிலிருந்து எழுந்து வந்து என்னைத் திட்டுவார்.

நம் சபையில் ஒரு வழக்கம் இருக்கிறதே, அதை அவருக்குப் பிடிக்காது. தேயிலைத் தோட்டங்களில் கஷ்டம் என்றால் அரிசி, பருப்பு, சீனி எல்லாம் சேர்த்துப் பொதி கட்டுவோம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் முன்னால் வந்து, பொதியின் ஒரு பக்கத்தை அவரும் மறுபக்கத்தை நம்மில் ஒருவரும் பிடித்துக்கொண்டு, படம் எடுக்கும்வரை அப்படியே நிற்க வேண்டும். மாதர் சங்கத் தலைவி என்பதால் ரூபி அக்காவையும் நிற்கச் சொல்வோம். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. படம் எடுப்பவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பொதி வாங்க வந்தவரின் முகமும் அவருக்குப் பின்னால் மறைந்துபோனது. "அக்கா, கொஞ்சம் திரும்புங்க" என்று நான் கெஞ்சியபோது, "ஏன், என் முதுகு நல்லா இல்லையா? வயித்துக்குக் குடுக்குறோம், மூஞ்சியைக் கேக்காதீங்க" என்றார். மரண அறிவித்தலுக்காக அவருடைய படம் தேடிய இளைஞர்கள், சபையின் படங்களில் முதுகு மட்டுமே கிடைக்கிறது என்று வந்து சொன்னார்கள்.

மண்சரிவுக்குப் பிறகு நடந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். ஹாலிஎலவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் மலை வெடித்து, தொழிலாளர் குடியிருந்த லயத்துச் சுவர்கள் பிளந்தன. இனி அங்கே யாரும் இருக்கக்கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அந்தக் குடும்பங்களுக்கு நம் மண்டபத்தைத் திறந்துவிட்டோம். நல்ல காரியம்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பாய் கொடுத்தோம், அண்டா வைத்துச் சமைத்தோம், பிள்ளைகளுக்கு எழுதக் கொப்பி கொடுத்தோம். கூடவே கதவில் ஒரு விதியையும் ஒட்டினோம். மண்டபத்துக்குள் விளக்கோ சூடமோ ஏற்றக்கூடாது. வந்திருந்தவர்கள் எல்லோருமே சைவர்கள். திரைச்சீலைகள் தீப்பிடித்துவிடும் என்று காரணம் சொல்லிக்கொண்டோம். அதே மண்டபத்தில் கிறிஸ்மஸ் ஆராதனைக்கு வருடாவருடம் நாம் மெழுகுதிரி ஏற்றுகிறோம்.

அவர்களில் முத்தையா என்றொரு பெரியவர் நெஞ்சுச் சளியோடு வந்தவர். வைத்தியசாலையில் சேர்த்தும் பிழைக்கவில்லை. தோட்டத்தில் ஒருவர் இறந்தால் பிரேதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்துவார்கள், மற்ற தோட்டத்துச் சொந்தங்கள் வந்து சேரும்வரை வைத்திருப்பார்கள், தலைமாட்டில் விளக்கு எரியும், தப்பு மேளம் முழங்கும், பிறகு வீட்டு வாசல் வழியாகத்தான் எடுத்துப்போவார்கள். முத்தையாவுக்கு வீடு இல்லை. அவருடைய மனைவி லெட்சுமி என்னிடம் வந்து, "ஒரே ஒரு ராத்திரி மண்டபத்துல வைக்க விடுங்க சார். ரோட்டுல இருந்து எடுத்துட்டுப் போனா அந்த மனுசனுக்கு அசிங்கம்" என்றார்.

அவசரமாகக் குழு கூடினோம். லெட்சுமி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் திறந்திருந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை. பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்றார் ஒருவர். சடங்குக்கு இடம் கொடுத்தால் நாளை இதுவே வழக்கமாகிவிடும் என்றார் இன்னொருவர். மேலிடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நல்லது என்றார் போதகர். அவர் நல்ல மனிதர், ஆனால் யாருடைய மனமும் நோகக்கூடாது என்று பார்த்தே எல்லார் மனதையும் நோகவைப்பவர். யாருமே முடியாது என்று சொல்லவில்லை. அதில் நாம் கைதேர்ந்தவர்கள். "பரிசீலிக்கப்படும்" என்று நான் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தபோது ரூபி அக்கா எழுந்தார்.

"ஆண்டவர் மினிட்ஸ் படிக்க மாட்டார் தம்பி. நான் எங்க வீட்டுக்குக் கொண்டு போறேன்."

வெளியே போய் லெட்சுமியின் கையைப் பிடித்து, "எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம். நிறைய வேலை கிடக்கு" என்று சொன்னது எங்களுக்கும் கேட்டது.

அன்று மாலைக்குள் தையல் இயந்திரங்கள் பின்னறைக்குப் போயிருந்தன. முன்னறையில், சுவரில் தொங்கிய இயேசுநாதர் படத்துக்குக் கீழேயே முத்தையாவைக் கிடத்தியிருந்தார்கள். படத்தையும் கழற்றவில்லை, விளக்கையும் மறைக்கவில்லை. பாடகர் குழுவுக்குப் புது அங்கி தைப்பதற்காக நாம் வாங்கிக் கொடுத்திருந்த வெள்ளைத் துணியைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, தெரு முழுக்கச் சாவுக் கொடியாகக் கட்டியிருந்தார் ரூபி அக்கா. பஜார் நடுவே தப்பு முழங்கியது. பக்கத்துக் கடைச் சிங்கள முதலாளி நாற்காலிகள் கொண்டுவந்து போட்டார். குழுவில் இருந்த நாங்களும் போனோம். வெளிக்கதவோடு நின்று, தலையை அசைத்து, திரும்பி வந்தோம். அந்தக் கிறிஸ்மஸுக்குப் பாடகர் குழு பழைய அங்கியில்தான் பாடியது. துணியைப் பற்றிக் கேட்ட ஒருவரிடம், "குரலு அங்கியிலயா இருக்கு?" என்று மட்டும் அக்கா சொன்னாராம்.

பிறகு ஒரு நாள் கடைக்குப் போய் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லப் பார்த்தேன். "அக்கா, நாங்க முடியாதுன்னு சொல்லலையே."

அவர் தைப்பதை நிறுத்தவில்லை. "அதுதான் தம்பி அசிங்கம். முடியாதுன்னு சொல்லியிருந்தா அந்தப் பொம்பளை ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுட்டு வேற வழி பாத்திருப்பா. நீங்க உள்ள இருந்து பேசிக்கிட்டே இருந்தீங்க. புருசன் செத்துக் கிடக்கையில, அவன் பொணம் தீட்டா இல்லையான்னு நீங்க பேசுறதை அவ உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தா."

தீட்டு என்ற சொல்லை நாங்கள் யாரும் வாயால் சொல்லவில்லை. அதையும் அவரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. அவர் அதற்குப் பிறகு குழுவுக்கு வரவில்லை. ஆராதனைக்கு மட்டும் ஒரு வாரமும் தவறாமல் வந்தார். என்னைப் பார்த்தால் பழையபடி சாப்பிட்டாயா என்று கேட்பார். கோபமாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

அந்தக் குடும்பங்கள் பிறகு ஆளுக்கொரு பக்கம் சிதறிப்போயின. லெட்சுமி கொஸ்லந்தைப் பக்கம் மகள் வீட்டுக்குப் போனார். நாம் மண்டபத்துக்குச் சாயம் பூசினோம். ஆண்டறிக்கையில் "பிராந்திய மக்களின் தேவைகளில் நம் சபை" என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதினோம். எழுதியவன் நான். முத்தையா என்ற பெயர் அதில் இல்லை.

இனி அடக்க நாளுக்கு வருகிறேன். அன்று ஆலய வாசலில் நின்று ஆட்களை உட்காரவைத்துக்கொண்டிருந்தேன். உறவினர் முன்வரிசையில், அயல் சபைப் போதகர்கள் அடுத்ததில், சபையார் பின்னால். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தோட்டத்து ஆட்கள் கொஞ்சப் பேர் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் லெட்சுமி. கொஸ்லந்தையிலிருந்து விடியற்காலையிலேயே புறப்பட்டிருக்க வேண்டும். கையில் செவ்வந்தி மாலை.

"சார், அம்மாவைப் பாக்கணும். நாங்க உள்ள வரலாமா?"

வாங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் கழுத்து தானாகத் திரும்பியது. நான் போதகரின் முகத்தைப் பார்த்தேன். அவர் உடனே சம்மதமாகத் தலையசைத்தார். அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. நான் மறுபடி திரும்பி, "வாங்க, வாங்கம்மா" என்று இரண்டு கையையும் நீட்டுவதற்குள் லெட்சுமி எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

"பரவாயில்லைங்க. நாங்க இங்கயே நிக்கிறோம். அம்மாவை வெளிய கொண்டு வரப்ப பாத்துக்குறோம்" என்றார். குரலில் கோபமே இல்லை. எனக்குச் சங்கடம் வரக்கூடாதே என்ற பதற்றம்தான் இருந்தது. எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. ஆராதனை முடியும்வரை அவர்கள் தூறலில் நின்றார்கள். நாங்கள் உள்ளே ரூபி அக்காவின் அன்பைப் பற்றி மாறி மாறிப் பேசினோம். நானும் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று சொன்னார்கள்.

அவருடைய தைரியம் என்னிடம் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த வெட்கம் ஒன்றுதான். ஆண்டவரே, இதை ஆற்றிவிடாதேயும். இனி ஒருவர் நம் வாசலில் வந்து நிற்கும்போது, என் கழுத்து யாருடைய முகத்தையும் தேடித் திரும்பாமல் இது பிடித்துக்கொள்ளட்டும்.