இரண்டாவது மிஷினில் இருந்த குரல்கள்

இறந்துபோன ஒருவர் உயிரோடு இருப்பதாக அவருடைய மனைவியை மூன்று நாள் நம்பவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் முதல் நாள் மத்தியானமே எனக்கு விஷயம் தெரியும். ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஐந்து மாதம், தினமும் ஒரு நோட்டில் பொய்யாக டிக் போட்டு வந்தேன். அந்த டிக்குகளிலிருந்துதான் மற்றதெல்லாம் வந்தது.

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலையில் விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு, தஞ்சாவூரில் ஒரு மாடி அறையில் நடந்த தனியார் சேவை ஒன்றில் சேர்ந்தேன். வளைகுடாவுக்குப் போனவர்களுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே குரலைக் கொண்டுபோகும் வேலை. செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம். அங்கே இருப்பவருக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் வேறு, இங்கே வீட்டில் ஆள் இருக்கும் நேரம் வேறு. அவர் எங்கள் எண்ணுக்குப் போன் போட்டு, தனக்கென்று மிஷினில் ஒதுக்கிய குரல் பெட்டியின் எண்ணை அழுத்திப் பேசிவைப்பார். எங்கள் மிஷின் அவர் வீட்டுக்குப் போன் செய்து, பதிவுசெய்த ஒரு பெண் குரலில், "உங்களுக்குப் புதிய செய்தி உள்ளது" என்று சொல்லும். வீட்டார் கேட்டுக்கொள்வார்கள். எந்தத் தேதியில் பேசியது என்று சொல்லும் வசதி அதில் இல்லை. நான்தான் அதை அமைத்தேன். தேவைப்படாது என்று நினைத்தேன்.

இரண்டு லினக்ஸ் மிஷின்கள். முதலாவது வேலை செய்யும். இரண்டாவது சும்மா நிற்கும். தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு முதலாவதில் உள்ளதெல்லாம் இரண்டாவதுக்கு நகலாகும். முதலாவது விழுந்தால் இரண்டாவது தானே எழுந்து லைன்களை எடுத்துக்கொள்ளும். நகல் முடிந்ததும் நான் நோட்டில் டிக் போட வேண்டும். இந்த ஒழுங்கை எழுதி, சுவரில் ஒட்டியவனும் நான்தான்.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் இல்லை. மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று தெரியவில்லை. கோடையில் சுற்றுவட்டாரத்து போர்வெல் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். இரண்டு மணிக்கு வோல்டேஜ் படுத்துவிடும். டியூப்லைட் கண் சிமிட்டும். எங்கள் இன்வெர்ட்டர் பழசு, இரண்டு மிஷினைத் தாங்காது. சித்திரையில் ஒருநாள் இரண்டாவதை அணைத்தேன். அன்றைக்கும் டிக் போட்டேன். மறுநாளும் அணைத்தேன். ஆவணியில் மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் ஏறி, மோட்டார்கள் நின்ற பிறகும் நான் அதைப் போடவில்லை. டிக் மட்டும் ஒரு நாளும் தவறவில்லை.

இடையில், ஆனி மாதம், கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். அவருடைய அக்காள் கணவர் வளைகுடாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், விபத்தில் இறந்துவிட்டார். அடக்கமும் அங்கேயே ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்தது ஒரு கடிதமும் ஒரு துணிப் பெட்டியும்தான்.

"இறக்கறதுக்கு முந்தின நாள் மச்சான் ஏதோ பேசி வச்சிருக்காரு சார். லாத்தா இன்னும் கேக்கல." லாத்தா என்றால் அவர்கள் வீட்டில் அக்கா. "இப்ப இத்தாவுல இருக்காங்க. புருஷன் போனா நாலு மாசம் பத்து நாள் வெளிய வராம வீட்டோட இருக்கணும். அது முடிஞ்சதும் புள்ளைய பக்கத்துல வச்சுக்கிட்டு கேக்கறேங்கறாங்க. இப்பக் கேட்டா தாங்க முடியாதாம். அதுவரைக்கும் அழிஞ்சிடாதே?"

பட்டியலைத் திறந்து பார்த்தேன். கேட்கப்படாத செய்தி ஒன்று. நீளம் ஐம்பத்திரண்டு விநாடி.

"எங்க போகும் பாய்? ரெண்டு மிஷின் இருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்கும்" என்றேன்.

இரண்டாவது, அவருக்குப் பின்னால் அணைந்து கிடந்தது. அவர் திரும்பி அதைப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

புரட்டாசியில் முதலாளி அப்கிரேடு செய்யச் சொன்னார். எங்கள் லினக்ஸ் பழையது. அதே மாதிரி மிஷின் ஒன்றில் வெளியூரில் யாரோ புகுந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு அவர் பயந்துபோயிருந்தார். செய்யவேண்டிய முறை எனக்கு நன்றாகவே தெரியும். முதலில் முழு நகல். அந்த நகல் உண்மையிலேயே திறக்கிறதா என்று ஒரு பெட்டியைத் திறந்து, காதால் கேட்டுப் பார்க்கவேண்டும். பிறகு சும்மா நிற்கிற மிஷினை முதலில் அப்கிரேடு செய்து, லைன்களை அதற்கு மாற்றி, சில நாள் ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். எல்லாம் சரியென்று தெரிந்த பிறகே முதலாவதைத் தொடவேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டாவதைப் போட்டேன். ஐந்து மாத பாக்கி நகலாக நாலு மணி நேரம் ஆகும் என்று தெரிந்தது. வளைகுடாவில் சாப்பாட்டு வேளை வந்ததும் அழைப்புகள் குவியும். அதற்குள் லைன் திரும்ப வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. நாலு மணி நேரம் ஏன் என்று அவர் கேட்டால், நோட்டைப் பற்றிச் சொல்லவேண்டி வரும். அப்கிரேடு முக்கால் மணி நேர வேலை. அது முடிந்ததும் நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாவதில் ஆரம்பித்தேன்.

பாதியில் மழைக்காற்று அடித்தது. கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டர் ஒருமுறை முனகிவிட்டு நின்றது. கரண்ட் வந்தபோது முதலாவது எழவில்லை. எத்தனை முறை போட்டும் கறுப்புத் திரைதான். இரண்டாவது எழுந்தது. நான் அமைத்தபடியே, ஒரு நிமிஷம் காத்திருந்து பார்த்துவிட்டு, எல்லா லைன்களையும் எடுத்துக்கொண்டது.

பிறகு அது போன் செய்ய ஆரம்பித்தது.

அதற்கு அன்று சித்திரை மாதம். சித்திரையில் கேட்கப்படாமல் இருந்த செய்திகளெல்லாம் அதற்குப் புதியவை. லைன் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. சோதனைக்கு வைத்திருந்த இயர்போனை எடுத்துக் காதில் வைத்தேன். "மேட்டூர் திறப்பாங்களாமா? ஆத்துல தண்ணி வந்துச்சா?" என்றது ஒரு குரல். அடுத்த லைனில் வேறொருவர், "தண்ணி வருமா வராதான்னு கேட்டுச் சொல்லு" என்றார். ஜன்னலுக்குக் கீழே வாய்க்கால் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. "நான் ஆவணியில வந்துடுவேன்" என்றது இன்னொரு குரல். அந்த ஆளை எனக்குத் தெரியும். ஆவணியில் வந்துவிட்டார். முந்தின வாரம்தான் இதே அறைக்கு வந்து எனக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தார். இயர்போனைக் கழற்றிவிட்டேன். கழற்றிய பிறகும் மேஜைமேல் அது சன்னமாகப் பேசிக்கொண்டே இருந்தது.

லைனைப் பிடுங்கியிருக்கவேண்டும். "சர்வீஸ் ஓடுதா?" என்று முதலாளி கேட்டார். "ஓடுது" என்றேன்.

மறுநாள் காலை கீழ்வேளூர்க்காரர் போன் செய்தார்.

"சார்... மச்சான் பேசறாரு."

"என்ன சொல்றீங்க பாய்?"

"நேத்து மத்தியானம் போன் வந்துச்சு. புதுச் செய்தின்னு அந்தப் பொம்பள சொல்லுச்சு. மச்சான் குரலு. நல்லா இருக்கேன், வெள்ளிக்கிழமை பேசறேன், வீட்டுலயே இருங்கறாரு. லாத்தா மூணு தடவை கேட்டுட்டாங்க. மய்யித்து ஒடம்ப யாரு பாத்தா, பேரு மாறிப் போச்சான்னு கேக்கறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

பின்னால் தெரிந்துகொண்டேன், இறந்துபோனவர் எப்போது பேசினாலும் அப்படித்தான் முடிப்பாராம். வெள்ளிக்கிழமை பேசறேன், வீட்டுலயே இரு. எந்த மாதத்துச் செய்திக்கும் அதே வார்த்தைகள். பழையது என்று அந்த அம்மாளால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

"லைன்ல ஏதோ குழப்பம். பாத்துச் சொல்றேன்" என்றேன்.

"அந்தக் கடைசிச் செய்தி இருக்குல்ல?"

"இருக்கு."

புதன் போயிற்று. வியாழனும் போயிற்று. முதலாவது மிஷினின் டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டி முயன்றுகொண்டிருந்தேன். அது கிடைத்துவிட்டால் நோட்டைப் பற்றி யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. என் மனசில் இருந்தது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை அவர் மறுபடி அழைத்தார். இந்தத் தடவை கோபம்.

"லாத்தா கல்யாணத்துல கட்டின கருகமணிய எடுத்துப் போட்டுக்கிட்டாங்க. வெள்ளைப் புடவைய அவுத்துட்டு கலர் உடுத்திக்கிட்டு போன் பக்கத்துல உக்காந்திருக்காங்க. சோறு வேணாம், தண்ணி வேணாம். புள்ளைகிட்ட அத்தா பேசப்போறாருன்னு சொல்லியாச்சு. நீங்க படிச்சவங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க சார். மச்சான் இருக்காரா, இல்லையா?"

"நான் வரேன்" என்றேன்.

திருவாரூர் வழியாகப் பஸ். இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்த வயல்கள். பஸ் நின்ற இடங்களில் கடைப் போன் மணி அடித்தால் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போய்ச் சேர்ந்தபோது ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் நாற்காலி போட்டார்கள். உள் அறை வாசலில் திரை. அதற்குப் பின்னாலிருந்து போனின் வயர் மட்டும் வெளியே வந்திருந்தது.

திரையைப் பார்த்துச் சொன்னேன். அது சித்திரையில் பேசியது என்றேன். மிஷின் அணைந்து கிடந்தது, நான்தான் அணைத்தேன், டிக் போட்டதெல்லாம் பொய் என்றேன். கடைசிச் செய்தி போய்விட்டது என்றும் சொன்னேன். தம்பிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"ரெண்டு மிஷின் இருக்குன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொன்னீங்களேய்யா" என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாள் கேட்டார்.

"அது எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"ஐம்பத்திரண்டு விநாடிம்மா."

"நீங்க கேட்டீங்களா?"

"இல்லம்மா. அடுத்தவங்க செய்திய நாங்க கேக்கக் கூடாது. அதுதான் அங்க விதி."

"கேட்டிருக்கலாமே" என்றார். "யாராவது ஒருத்தர் கேட்டிருக்கலாமே."

உள்ளே கருகமணியைக் கழற்றி எதிலோ வைக்கும் சத்தம் கேட்டது. இத்தா முடிய இன்னும் சில நாள் பாக்கி இருந்தது.

முதலாளியிடம் நோட்டைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். போகச் சொன்னார். போவதற்கு முன் டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சென்னையில் ஒருவர் அழிந்ததை மீட்பார் என்றார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு துண்டு வந்தது. பதினோரு விநாடி. எந்தப் பெட்டியைச் சேர்ந்தது என்று தெரியாது. ஏதோ வண்டியின் இரைச்சல். ஒருவர் செருமுகிறார். "கேக்குதா?" என்கிறார். கொஞ்சம் விட்டு மறுபடி, "கேக்குதா?" அவ்வளவுதான்.

கேசட்டில் பதிந்து கீழ்வேளூருக்குக் கொண்டுபோனேன். அந்த அம்மாள் இப்போது வெளியே வந்து, எதிரே உட்கார்ந்து கேட்டார். ஒரே தடவை.

"இது அவங்க இல்ல" என்று எடுத்து என்னிடம் கொடுத்தார். "வேற யாரு வீட்டுதோ. அவங்ககிட்டக் கொண்டுபோய்க் குடுங்க."

கேட்கப்படாத செய்தி இருந்த பெட்டிகளின் பட்டியல் காகிதத்தில் இருந்தது. திருவையாறு, திருவிடைமருதூர் என்று ஒவ்வொரு வீடாகப் போனேன். வீட்டு வாசலில் டேப் ரெக்கார்டரை வைத்துப் போட்டுக் காட்டினேன். சில வீடுகளில் சிரித்தார்கள். சில வீடுகளில் உள்ளே விடவில்லை. மூன்று வீடுகளில் அது தங்கள் ஆள்தான் என்று சத்தியம் செய்தார்கள். ஒரு வீட்டில் அந்தச் செருமலையே அடையாளம் சொன்னார்கள். இரண்டு பேராவது தவறாகச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மூன்று வீட்டுக்கும் ஒவ்வொரு கேசட் கொடுத்தேன்.

மறுவருஷம் கீழ்வேளூர்க்காரர் தஞ்சாவூரில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். உட்காரவில்லை.

"லாத்தா அந்தக் கேசட்டைக் கேக்கறாங்க."

"அது அவர் இல்லைன்னு அவங்களே சொன்னாங்களே பாய்?"

"ஆமா" என்றார். "குடுங்க."

கொடுத்தேன். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, படி இறங்கிப் போனார்.